ராணி மங்கம்மா பேர்ல சூட் தொறக்குற மதுரை ஹோட்டல் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலயும் சுத்துவட்டாரத்துலயும் பெரிய ஹோட்டல் நடத்துற முதலாளிமாரே, மேனேஜர் சார்மாரே, அந்த ரூமுக்கெல்லாம் டிசைன் போட்டுக் குடுக்குற தம்பி தங்கச்சிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

நான் டூரிஸ்ட் கார் ஓட்டுறவன். சொந்த ஊரு மதுரைதான். ஏர்போர்ட்லயோ ஜங்ஷன்லயோ கெஸ்ட்ட ஏத்தி உங்க வாசல்ல கொண்டாந்து எறக்குறது, மறுநா காலைல மீனாட்சியம்மன் கோயிலு, நாயக்கர் மகாலு, காந்தி மியூசியம்னு சுத்திக் காட்டுறது, அப்புறம் ராமேஸ்வரமோ தேக்கடியோ கன்னியாகுமரியோ, இதான் பொழப்பு. உங்க லாபிக்குள்ள என்ன நடக்குதுன்னு உங்களுக்குத்தான் தெரியும், ஆனா லாபியில இருந்து சிரிச்ச மொகமா டாட்டா காட்டிட்டு வெளிய வர்றவரு கார்ல ஏறி கதவச் சாத்துனதும் உங்க ரூமப் பத்தி என்ன பேசுறாருன்னு எனக்குத்தான் தெரியும். அந்த ஒரு தகுதியிலதான் எழுதுறேன், கோவப்படாம படிங்க.

இப்ப கொஞ்ச நாளா ராஜா ராணி பேர்ல சூட் வைக்கிறது ஒரு பேஷனா ஆயிருச்சு. சாதா டீலக்ஸ் ரூம்னா ஒரு ரேட்டு, அதுலயே நாலு தங்கக் கலர் குஷனப் போட்டு ஒரு மகாராணி பேர மாட்டுனா வேற ரேட்டு. வைங்க, யாரும் வேணாம்னு சொல்லல, யாவாரம்னா அப்படித்தான். அப்படி ஒரு ஹோட்டல், பேர் இங்க வேணாம், ராணி மங்கம்மா பேர்ல ஒரு பெரிய சூட் தொறந்திருக்காங்க. அன்னிக்கு நான் கூட்டியாந்த கெஸ்ட்டு வயசான புருஷன் பொண்டாட்டி, பெல் பாய் பையன் ஒத்த ஆளா அத்தன பெட்டிய வச்சுக்கிட்டு முழிச்சான், சரின்னு நானும் ரெண்டத் தூக்கிட்டு கூட மேல போனேன், அப்படித்தான் அந்த ரூமுக்குள்ள எட்டிப் பாக்குற பாக்கியம் கெடச்சுச்சு.

கதவுல பித்தளத் தகட்டுல பேரு. உள்ள போனா முதுகு ஒசந்த ரெண்டு நாற்காலி, கையி வைக்கிற எடத்துல சிங்க மூஞ்சி. சொவத்துல ஒரு பெரிய படம், அதுல ஒரு ராணி சன்னலோரமா ஒக்காந்து நெலாவப் பாக்குறாங்க, தலையில முக்காடு, மூக்குல கன்னம் வரைக்கும் தொங்குற வளையம், சன்னலு ஜெய்ப்பூர் பக்கம் இருக்கும்ல அந்த வளவு சன்னலு. நானும் ராஜஸ்தான்காரங்க எத்தனையோ பேர ராமேஸ்வரம் கூட்டிப் போயிருக்கேன், அவங்க பாத்தா எங்கூரு ராணி இங்க எப்படி வந்தாங்கன்னுதான் கேப்பாங்க. கட்டில் பக்கத்துல ஒரு கார்டு நிக்குது. அதுல சோழப் பேரரசி ராணி மங்கம்மாள்னு போட்டிருக்கு, மதுரை மகால்ல இருந்து ஆட்சி செஞ்சாங்கன்னு போட்டிருக்கு, அவங்க தெனமும் பால்லயும் ரோஜா இதழ்லயும் குளிச்ச மாதிரியே நீங்களும் குளிக்கலாம்னு பாத்டப்புக்கு ஒரு விளம்பரம் வேற. அதுக்கும் கீழ ஹனிமூன் பேக்கேஜ், ராணியோட ராஜ விருந்துன்னு மெழுகுவத்தி வெளிச்சத்துல ராத்திரி சாப்பாடு.

சோழப் பேரரசியாம்! சோழர் ஆட்சி முடிஞ்சது 1279 வாக்குல. மங்கம்மா ஆட்சிக்கு வந்தது 1689. நடுவுல நானூறு வருசம் ஓடிருக்கு சார். பாண்டியர் வந்து போயி, மதுரை சுல்தான்கள் வந்து போயி, விஜயநகரம் வந்து, அவங்க அனுப்புன நாயக்கருங்க தனி ராஜாவா ஆயி, திருமலை நாயக்கர் மகாலக் கட்டி, அவரும் 1659-ல போயிச் சேந்து, அவரோட பேரன் சொக்கநாத நாயக்கரக் கல்யாணம் பண்ணுனவங்கதான் மங்கம்மா. சோழர்னு போட்டா இப்ப நல்லா ஓடுதுன்னு எனக்கும் தெரியும், அதுக்காக மதுரையில ஒக்காந்துக்கிட்டு மதுரை ராணிய சோழ நாட்டுக்குத் தத்துக் குடுத்தா எப்படி?

மகால்ல இருந்து ஆண்டாங்கங்கிறதும் சரியில்ல. சொக்கநாதர் காலத்துலயே தலைநகர் திருச்சிக்குப் போயிருச்சு. மகால்ல இருந்து தூணு, கல்லு, வேலைப்பாடுன்னு பேத்து எடுத்துட்டுப் போனதாவும் சொல்லுவாங்க. மலைக்கோட்டை அடிவாரத்துல இன்னிக்கும் ராணி மங்கம்மாள் மகால்னே ஒரு கட்டடம் இருக்கு, அரசு மியூசியம் உள்ள இருக்கு, அது சொக்கநாதர் கட்டுன தர்பார் மண்டபம்பாங்க. மதுரையில அவங்க பேரச் சொல்ற அரமனைன்னா தமுக்கம், அதான் இப்ப காந்தி மியூசியம், 1959-ல தொறந்தது. காந்தி மேல குண்டு பட்ட அன்னிக்கு உடுத்தியிருந்த ரத்தக்கறத் துணிய அங்கதான் வச்சிருக்காங்க. நான் கூட்டிப் போற பாதிப்பேரு அந்தத் துணியப் பாத்துட்டுக் கண்ணு கலங்கி வெளிய வருவாங்க, இந்தக் கட்டடமே ஒரு ராணியோட அரமனைங்கன்னு சொன்னா அப்படியா அப்படியான்னு திரும்பித் திரும்பிப் பாப்பாங்க. உங்க ஹோட்டல்ல இருந்து கூப்புடு தூரம், ஆனா உங்க கார்டுல அதப்பத்தி ஒரு வரி கெடையாது.

அந்த ஹனிமூன் பேக்கேஜுக்கு வருவோம். சொல்லவே ஒரு மாதிரியா இருக்கு. சொக்கநாதர் 1682-ல போயிட்டாரு. மங்கம்மா உடன்கட்டை ஏறல. மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பன் பட்டத்துக்கு வந்தாரு, அவரும் ஏழே வருசத்துல அம்ம போட்டு எறந்துட்டாரு. மருமக அப்ப மாசமா இருந்தாங்க, புள்ளையப் பெத்துட்டு அவங்களும் போயிட்டாங்க. புருஷன் இல்ல, மகன் இல்ல, மருமக இல்ல, கைல ஒரு பச்சப்புள்ள, அந்தப் புள்ளைக்குப் பட்டங்கட்டி வச்சுட்டு, அதுக்காகத் தான் நின்னு நாட்ட நடத்துனாங்க, 1689-ல இருந்து கிட்டத்தட்ட 1706 வரைக்கும். அந்தப் பேரன்தான் விஜயரங்க சொக்கநாதர். இப்பேர்ப்பட்டவங்க பேர்ல போயி புதுசாக் கல்யாணம் ஆனவங்களுக்குக் கட்டில்ல ரோஜாப்பூவால அன்னப்பறவ செஞ்சு வச்சிருக்கீங்க. ஒங்க வீட்டுப் பெரிய மனுசி படத்துக்கு முன்னாடி இப்படிச் செய்வீங்களா?

அந்த விருந்து இருக்கே, அது இன்னும் மோசம். மங்கம்மா எப்படி எறந்தாங்கன்னு எங்க ஊருப் பக்கம் ஒரு கத உண்டு, ஏட்டுல எழுதுன கணக்கு இல்ல, வாய்வழிக் கததான். பேரன் பெரியவனான பெறகு ஆட்சிய ஒப்படைக்கிறதுல தகராறாகி, அந்தம்மாவப் புடிச்சு அடச்சு வச்சு, கண்ணுக்குத் தெரியிற மாதிரி, மணம் வர்ற மாதிரி, ஆனா கைக்கு எட்டாத தூரத்துல சாப்பாட்ட வச்சு, அப்படியே பட்டினி போட்டுக் கொன்னாங்கன்னு. நெசமோ பொய்யோ, மதுரைப் பக்கத்துப் பெருசுங்க நெறையப் பேருக்கு இந்தக் கத தெரியும். அவங்கள்ல ஒருத்தரு பேரப்புள்ள கல்யாணத்துக்கு உங்க ஹோட்டலுக்கு வந்து, ராணி மங்கம்மாள் ராஜ விருந்துன்னு படிச்சா என்ன நெனைப்பாரு? உங்க மெனு எழுதுன தம்பிக்கு இந்தக் கத தெரிஞ்சிருந்தா அந்தப் பேர வச்சிருக்க மாட்டாரு, அவரு மேல தப்பு இல்ல, கேட்டிருக்கணும், கேக்க வேண்டிய ஆளு ஊரு பூராம் இருக்காங்க.

நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். அண்ணே, கெஸ்ட்டு காசு குடுக்குறது கனவுக்கு, பாடம் படிக்க வரல, அப்படிம்பீங்க. சரி. ஆனா உதய்ப்பூர்லயும் ஜோத்பூர்லயும் மகாராணி சூட்னு ஒண்ணக் காட்டுனா அங்க நெசமாவே அரமனை இருக்கு, ராஜா குடும்பம் பொழங்குன கட்டடம், அந்தச் சொவரே பாதிக் கதையச் சொல்லிரும். மைசூர் லலித மகாலும் அப்படித்தான், ராஜா கட்டுனது. நம்ம மதுரையில அந்த வசதி இல்ல. நாயக்கர் மகால் தொல்லியல் துறை கையில, தமுக்கம் காந்திக்கு. நீங்க கட்டிருக்கிறது நேத்து எழும்புன கான்கிரீட் கட்டடம். அதுக்குள்ள ஒரு ராணியக் கொண்டாரணும்னா அவங்க செஞ்சதத்தான் கொண்டாரணும், வேற வழியே இல்ல. தங்கக் கலர் பெயிண்ட்டு எந்த ஊருக் கடையிலயும் கெடைக்கும்.

அப்படி என்ன செஞ்சாங்கன்னு கேட்டா, ரோடு போட்டாங்க. இத ஒரு டிரைவர் சொன்னா சிரிப்பா இருக்கும், ஆனா மங்கம்மான்னதும் தெக்க மக்க மொதல்ல சொல்றது அதத்தான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் உள்ளூரு ரோட்டுல போனா இன்னும் சில எடத்துல மங்கம்மா சாலைன்னே சொல்லுவாங்க, பெருசுங்கள வழி கேட்டீங்கன்னா இப்படிப் போயி மங்கம்மா சாலையில ஏறுங்கம்பாங்க. மதுரையில இருந்து கன்னியாகுமரிக்குப் போற பாதையையே அவங்கதான் ஒழுங்கு பண்ணுனாங்கம்பாங்க. ரெண்டு பக்கமும் நெழலுக்கு மரம், நடுவுல நடுவுல கெணறு, தண்ணிப் பந்தலு, நடந்து வர்றவன், வண்டி கட்டி வர்றவன் ராத்திரி தங்கிச் சாப்புட சத்திரம். மதுரை ஜங்ஷன விட்டு வெளிய வந்தா எதுத்தாப்புலயே மங்கம்மா சத்திரம் நிக்குது, தெனம் ஆயிரக்கணக்கான பேரு அதத் தாண்டித்தான் உங்க ஹோட்டலுக்கே வர்றாங்க.

இதுக்கும் ஒரு கத இருக்கு. ஒரு நா நெனப்பில்லாம வெத்தலைய எடக்கையால வாங்கிப் போட்டுக்கிட்டாங்களாம், அது பெரிய பாவம்னு அந்தக் காலத்து நெனப்பு, அதுக்குப் பரிகாரமாத்தான் இம்புட்டு ரோடும் சத்திரமும் கட்டுனாங்கன்னு. வெளிநாட்டுக் கெஸ்ட்டுக்கு இந்தக் கதையச் சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பாங்க, ஒரு அம்மா அதுல இருந்து சாப்புடுறப்ப எல்லாம் தன் எடக்கையத் தானே தட்டிக்கிட்டாங்க. நானா இருந்தா அந்த ரூம்ல செக்-இன் பண்ற ஒவ்வொருத்தருக்கும் பித்தளத் தட்டுல வெத்தல பாக்கு வச்சு இந்தக் கதையத்தான் மொதல்ல சொல்லுவேன். செலவு என்ன ஆகப் போகுது?

ரோடு சத்திரம் மட்டும் இல்ல. அவங்க ஆண்ட காலம் சாதா காலம் இல்ல, வடக்க இருந்து ஔரங்கசீப் படை செஞ்சி வரைக்கும் வந்து வருசக்கணக்கா கோட்டையச் சுத்தி ஒக்காந்திருக்கு, அந்தப் படைத்தளபதி ஜுல்பிகர் கானுக்குக் கப்பத்தக் கட்டி நம்ம பக்கம் தீ பரவாமப் பாத்துக்கிட்டாங்க. மைசூர் ராஜா சிக்கதேவராயர் காவேரிய மறிச்சு அணை போட்டப்ப, அதுக்கு முன்னாடி சண்ட போட்டுக்கிட்டிருந்த தஞ்சாவூர் மராட்டியரோடயே கை கோத்துப் படை தெரட்டுனாங்க, 1700 வாக்குல, கடசியில பெருமழ வந்து அந்த அணைய அடிச்சுட்டுப் போயிருச்சு. காவேரிச் சண்டைய பேப்பர்ல படிக்கிற ஒவ்வொரு தமிழனுக்கும் இந்தக் கத ருசிக்கும், அத எந்த ஹோட்டல் கார்டுலயும் காணோம். எல்லாத்துலயும் ஜெயிச்சாங்கன்னும் இல்ல, 1702-ல ராமநாதபுரம் கெழவன் சேதுபதியோட மோதித் தோத்தாங்க, அதோட சேதுபதி தனி ராஜாவா ஆயிட்டாரு. தோத்ததையும் எழுதுங்க சார், அப்பத்தான் ஜெயிச்சத நம்புவாங்க.

எங்க ஆளுங்களுக்கு அவங்க மேல தனிப் பாசம் வேற. தொண்ணூறுகள்ல திண்டுக்கல்லத் தலமையா வச்சு ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம்னே கவர்மென்ட் பஸ் ஓடுச்சு, 1997-ல எல்லாத் தலைவருங்க பேரையும் எடுத்தப்ப அந்தப் பேரும் போச்சு. ரோடு போட்டவங்க பேர பஸ்சுக்கு வச்சவருக்கு நல்ல புத்தி. சூட்டுக்கு வைக்கிறதும் சரிதான், வழிப்போக்கனத் தங்க வச்சவங்கதான அந்தம்மா, உங்க தொழிலுக்கு அவங்கதான் மூத்தவங்க, ஆனா அவங்க காசு வாங்கல.

அதனால டிசைன் பண்ற தம்பி தங்கச்சிகளுக்கு ஒண்ணு சொல்றேன். மங்கம்மா எப்படி இருந்தாங்கன்னு கற்பனையே பண்ண வேணாம், மீனாட்சியம்மன் கோயில்லயே படம் இருக்கு. பொற்றாமரைக் கொளத்துக் கரையில ஊஞ்சல் மண்டபம், அங்க தல நிமிந்து மேல பாத்தா மீனாட்சி கல்யாணம், பக்கத்துல மங்கம்மா, பேரன், தளவாய், அதான் படைத்தலைவரு, ராமப்பய்யா எல்லாரும் நிக்கிறாங்க. படம் இருக்கிறது கூரையில. நீங்களும் கூரையிலயே போடுங்களேன்! கெஸ்ட்டு கட்டில்ல மல்லாக்கப் படுத்தா மேல மீனாட்சி கல்யாணம் தெரியணும், ஏசி டக்ட்டக் கொஞ்சம் தள்ளிப் போட்டா முடிஞ்சது. நல்ல ஓவியர வச்சு வரைங்க, பிரிண்ட் எடுத்து ஒட்டுனா நாலே மாசத்துல ஓரம் பிஞ்சு தொங்கும். அந்தக் காலத்து உடுப்பு, நகை எப்படின்னு சந்தேகம் வந்தா புது மண்டபத்துல நாயக்க ராஜாக்கள் சிலை வரிசையா நிக்குது, ஸ்ரீரங்கம் கோயில்ல அந்தப் பேரனே குடும்பத்தோட கும்புட்டபடி சிலையா நிக்கிறாரு, ரெண்டு நா வேலைய விட்டுட்டு வாங்க, நானே கூட்டிப் போறேன், டீசல மட்டும் போடுங்க.

குஷனுக்கும் தெரைக்கும் எதுக்கு எங்கெங்கயோ இருந்து பளபளா துணி? நம்மூருச் சுங்குடி இருக்கு. நூலால முடிச்சுப் போட்டு சாயத்துல முக்கி, காஞ்சதும் அவுத்தா புள்ளி புள்ளியா வருமே அதான், சௌராஷ்டிரா மக்க நாயக்கர் காலத்துலயே நல்லா ஊன்றுன தொழிலு, புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. இன்னும் கையால முடியிறவங்க கொஞ்சப் பேருதான் இருக்காங்க, ஒரு சூட்டுக்கு நீங்க ஆர்டர் குடுத்தா அந்த வீட்டுல ரெண்டு மாசம் அடுப்பு எரியும். ஆத்தங்குடிக் கல்லு மட்டும் வேணாம், தயவு செஞ்சு! அது காரைக்குடிப் பக்கத்துச் சரக்கு, மங்கம்மா போயி ரொம்பக் காலம் கழிச்சு செட்டிநாட்டு வீட்டுல வந்தது, இப்ப எந்த ஊரு ஹெரிடேஜ் ரூம்னாலும் அத ஒட்டிர்றாங்க, தஞ்சாவூர்லயும் அதான், பாண்டிச்சேரியிலயும் அதான், கெஸ்ட்டே கேக்குறாரு, நேத்துத் தங்குன ரூமும் இதே தரைதான, நாம ஊரு மாறிட்டமா இல்லையான்னு.

அந்த ராஜஸ்தான் படத்தக் கழட்டிட்டு அதே எடத்துல ஒரு ரோட்டு மேப்பப் போடுங்க. கன்னியாகுமரிப் பாதை, மங்கம்மா சாலைன்னு எங்கெங்க பேரு நிக்குதோ அந்த ஊருங்க, சத்திரம் இருந்த எடம். மறுநா அதே வழியில கன்னியாகுமரி போறவருக்கு அத விட என்ன வேணும்? இப்ப என்ஹெச் 44-ல ஏசியப் போட்டுட்டு நாலு மணி நேரத்துல போயிர்றோம், வழியில எறங்கி நிக்கலாம்னா நெழலு கெடையாது, நாலு வழியா அகலப்படுத்தயில மரத்த எல்லாம் வெட்டியாச்சு. அத வண்டி ஓட்டுறவன்தான் ஒவ்வொரு சித்திரையிலயும் அனுபவிக்கிறான்.

சரி, இப்ப மெயின் மேட்டர். இம்புட்டு நேரம் கார்டப் பத்தியும் குஷனப் பத்தியும் பேசுனது உங்கள ஒக்கார வைக்கத்தான்.

அன்னிக்கு அந்த வயசானவங்கள மங்கம்மா சூட்ல விட்டுட்டுக் கீழ வந்தேன். ராத்திரி ஒம்பதரை. மறுநா காலைல அஞ்சரைக்கு ராமேஸ்வரம் கெளம்பணும். செக்யூரிட்டி அண்ணங்கிட்ட டிரைவர் ரூம் எங்கன்னேன். இல்லன்னாரு. டார்மிட்டரின்னேன், ஸ்டோர் ரூமாக்கிட்டாங்க, கல்யாண சேர் அடுக்கி வச்சிருக்குன்னாரு. பாத்ரூமுன்னேன், பேஸ்மென்ட்ல இருக்கு, பத்து மணிக்குப் பூட்டிருவாங்க, அதுக்குள்ள போயிக்கங்கன்னாரு. அவரு மேல கோவம் இல்ல, அவரே பன்னெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டு இருக்காரு. பேஸ்மென்ட் பார்க்கிங்ல எங்கள மாதிரி நாலஞ்சு வண்டி. சீட்டச் சாச்சுப் போட்டு, கண்ணாடிய ரெண்டு வெரக்கட எறக்கி விட்டு, கொசுவுக்குத் துண்டால காலு வரைக்கும் மூடிக்கிட்டு எல்லாரும் படுத்திருக்காங்க. வண்டிய ஓட விட்டு ஏசி போட முடியாது, டீசல் போகும், அத விட மூடுன எடத்துல பொகை சேந்தா ஆளே போயிருவான். பக்கத்து வண்டிக்காரரு கேரளா ரெஜிஸ்ட்ரேஷன், கொச்சியில இருந்து ஓட்டிட்டு வந்து மறுநாளே திரும்புறவரு, எங்கிட்டயும் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, மேல ராணி பேர்ல ரூம் இருக்காமே, நமக்கும் ராஜா பேர்ல ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்ல சேட்டான்னு.

மங்கம்மா சத்திரம் யாருக்குக் கட்டுனாங்க? சிங்க மூஞ்சி நாற்காலியில ஒக்கார்றவனுக்கா? வழியில வர்றவனுக்கு. ராத்திரி எறங்க எடம் இல்லாதவனுக்கு. அவங்க பேர அஞ்சாவது மாடியில பித்தளைல வெட்டி வச்சுட்டு, அதே கட்டடத்து அடியில வழிப்போக்கன கொசுவுக்குக் குடுத்திருக்கீங்க. கார்டுல தப்பு இருந்தாக் கூட மன்னிச்சுரலாம், இத எப்படிச் சார் மன்னிக்கிறது?

இது நீங்க தர்மம் பண்ற விஷயமும் இல்ல. 2023-ல தமிழ்நாடு அரசு கட்டட விதியிலயே திருத்தம் கொண்டாந்துச்சு, ஹோட்டல், லாட்ஜுக்கு வர்ற கெஸ்ட்டுங்களோட டிரைவர் தூங்க டார்மிட்டரியும் டாய்லெட்டும் இருக்கணும்னு. அந்தச் சேதி வந்த அன்னிக்கு எங்க ஸ்டாண்டுல டீ செலவு என்னுதுன்னு ஒருத்தரு கத்துனாரு, அம்புட்டு சந்தோசம். தூங்காத டிரைவர் காலைல ஸ்டியரிங்கப் புடிச்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேணாம், பேப்பர்ல விடியக்கால ஆக்சிடென்ட் சேதியா வருது. உங்க சூட்ல பாலும் ரோஜாவும் போட்டுக் குளிச்சுட்டு வர்ற அந்தக் கெஸ்ட்டு மறுநா ஒக்காரப் போறது என் பின் சீட்லதான். அவரு உசிரு முழிச்சிருக்கிற என் கண்ணுல இருக்கு. 7500 ரூபாய்க்கு மேல போற ரூமுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டிட்டு வர்றவருக்கு, தூங்கி எழுந்த டிரைவர் வேணுமா வேணாமா?

பேட்டா வாங்குறீங்கல்ல, அதுல வெளிய ரூம் எடுக்க வேண்டியதுதானன்னு ஒரு மேனேஜர் கேட்டாரு. அந்தப் பேட்டாவுல மூணு வேளச் சாப்பாடு போயி மிச்சம் வீட்டுக்கு, அதுதான் புள்ளைங்க பஸ் பீஸ். ராத்திரி பத்து மணிக்கு டவுனுக்குள்ள வண்டியோட ரூம் தேடுனா பார்க்கிங் இருக்காது, பார்க்கிங் இருந்தா ரேட்டு எட்டாது. அதோட கெஸ்ட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலின்னு கூப்புட்டா நான் வாசல்ல இருக்கணுமா, எங்கயோ இருக்கணுமா?

அதனால அந்த மங்கம்மா சூட்ட மூடச் சொல்லல. இன்னும் நாலு தொறங்க. ஆனா அந்த ஒரு சூட்டு ஒரு நைட்டுக்கு வாங்குற காசுல ஒரு சின்னப் பங்க ஒதுக்கி, அதே பேர்லயே கீழ ஒரு சத்திரம் வைங்க. பெருசா ஒண்ணும் வேணாம். ரெட்டைத் தட்டுக் கட்டிலு எட்டோ பத்தோ, பேனு, சார்ஜ் போட பிளக்கு, சூடு தண்ணி, ஸ்டாஃப் கேன்டீன்ல இருந்து ராத்திரிச் சாப்பாடு நாங்க காசு குடுத்தே வாங்கிக்கிறோம். கார்டுல அதையும் எழுதுங்க, நீங்கள் தங்கும் இந்த அறையின் வாடகையில் ஒரு பகுதி கீழே உங்கள் ஓட்டுநர் உறங்கும் சத்திரத்துக்குப் போகிறதுன்னு நல்ல தமிழ்லயே. எந்தக் கெஸ்ட்டும் கோவிச்சுக்க மாட்டாங்க, போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்புவாங்க, உங்களுக்கு விளம்பரத்துக்குக் காசு மிச்சம். சொவத்துல தங்கத்தப் பூசுறத விட இதுல அந்தம்மா பேரு நல்லா நிக்கும்.

சுற்றுலாத் துறை அதிகாரிங்க யாராவது இதப் படிச்சா அவங்களுக்கும் ஒரு வார்த்த. ஸ்டார் குடுக்குறதுக்கு வந்து குஷன அமுக்கிப் பாக்குறீங்க, பாத்டப்ப அளக்குறீங்க, அப்படியே லிப்ட்ல பேஸ்மென்ட் பட்டனையும் ஒரு தடவ அமுக்குங்க. சேர் அடுக்கி வச்சிருக்கிற ரூமுக்கு வெளிய டிரைவர்ஸ் டார்மிட்டரின்னு போர்டு மட்டும் தொங்கும், ஏமாந்துராதீங்க, கதவத் தொறக்கச் சொல்லிப் பாருங்க.

கார்டத் திருத்தணும்னா கூப்புடுங்க, சோழப் பேரரசிய அடிச்சுட்டு என்ன எழுதணும்னு நான் வந்தே சொல்லித் தர்றேன், இல்லைன்னா கோயில் கைடுங்க பத்துப் பேரக் கூட்டியாறேன், அதுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல, மெதுவாப் பண்ணிக்கலாம். டார்மிட்டரிக்கு ஒரு மாசம் எடுத்துக்கங்க. பேஸ்மென்ட் பாத்ரூம் பூட்ட மட்டும் இன்னிக்கு ராத்திரியே தொறந்து விட்டுருங்க சார்.

இப்படிக்கு,
மதுரை டூரிஸ்ட் கார் டிரைவர் ஒருத்தன்